பறையோடு டெல்டாவில் நான்கு நாள்

டிசம்பர் 22, திருவையாறு

மதுரையிலிருந்து ராத்திரி பஸ் ஏறி, விடியும் நேரத்தில் தஞ்சாவூரில் இறங்கினோம். நானும் என் தோழியும். துணிப்பையில் என் பறை. நாலு வருஷமாக வாசிக்கிறேன். ஒவ்வொரு டிசம்பர் 25ஆம் தேதியும் மதுரையில் ஏதாவது ஒரு மேடையில் கூலி கேட்ட விவசாயக் குடும்பங்கள் எரிக்கப்பட்ட வெண்மணியின் நினைவுக்காக அடிப்போம். போன வருஷம் மேடையை விட்டு இறங்கும்போது உறுத்தியது: எந்த ஊருக்காக அடிக்கிறோமோ அந்த ஊரின் மண்ணை மிதித்ததே இல்லையே. அதனால் இந்த வருஷம் 25 அன்று கீழ்வெண்மணியில் இருப்பது என்று முடிவு. அதற்கு முன்னால் மூன்று நாள், தங்கள் கலையை வைத்துக்கொண்டு நியாயம் கேட்டவர்களின் ஊர்களைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று திட்டம். அன்றன்றைக்குப் பார்த்ததை ராத்திரியே எழுதிவிடுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர்தான். ஆனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகத் தாண்டி, கடைசியில் காவிரி. இரண்டு பக்கமும் சம்பா பச்சை. மார்கழிப் பனி வயல்மேல் அப்படியே படுத்துக் கிடந்தது. சில வாசல்களில் கோலத்துக்கு நடுவில் சாண உருண்டையில் பூசணிப்பூ.

காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதி. ஆராதனைக்கு இன்னும் நாள் இருப்பதால் கூட்டமில்லை. எல்லோரும் தியாகராஜரைப் பார்க்க வருவார்கள். நாங்கள் வந்தது அவருக்கு எதிரே கைகூப்பி உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்க்க. பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் பிறந்து, பாட்டால் பேரும் பணமும் சேர்த்தவர். 1921இல் இந்தச் சமாதி கவனிப்பாரற்றுக் கிடப்பதாகக் கேள்விப்பட்டு வந்தார். இடத்தை வாங்கினார், சேர்த்த சொத்தையும் நகையையும் போட்டுக் கோயில் எழுப்பினார். அந்தக் கோயிலின் முன்னால் பாட அவருக்கே இடம் இல்லை! பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து ஆராதனை நடத்திய வித்வான்கள், பெண்கள் பாடக்கூடாது என்பதில் மட்டும் ஒன்றாக இருந்தார்கள்.

நாகரத்தினம்மாள் அழுதுகொண்டு ஊருக்குப் போகவில்லை. பாடகிகளைத் திரட்டிக்கொண்டு வந்து சமாதிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து தனியாக ஆராதனை நடத்தினார். அது பெண்கள் கட்சி ஆயிற்று. வருஷா வருஷம் நடத்தினார். 1940 வாக்கில் கட்சிகள் எல்லாம் ஒன்றாகி, பெண்களும் ஆண்களோடு ஒரே பந்தலில் பாடும் நிலை வந்தது. இப்போது ஆயிரம் குரல் சேர்ந்து பஞ்சரத்ன கீர்த்தனை பாடுவதை டிவியில் காட்டுகிறார்களே, அதில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் வரிசை ஒவ்வொன்றும் அந்தப் பின்பக்கத்திலிருந்து வந்தது.

பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றோம். சாதாரண இடம். காற்றில் ஆற்று ஈரம். தோழி செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

தஞ்சாவூர் அரண்மனையோடு நாகரத்தினம்மாளுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரதாபசிம்மன் சபையில் இருந்த முத்துப்பழனி என்ற தேவதாசி, தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனம்’ என்றொரு காவியம் எழுதினார். ஒரு பெண் தன் ஆசையைத் தானே எழுதிய காவியம். பின்னால் வந்த பதிப்புகளில் அதை வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். நாகரத்தினம்மாள் முழுப் பிரதியைத் தேடி 1910இல் அச்சிட்டார். மறுவருஷமே ஆபாசம் என்று வெள்ளைக்கார அரசு தடை போட்டது. எழுதியவளும் தேவதாசி, அச்சிட்டவளும் தேவதாசி. அது எத்தனை பேருக்குப் பொறுக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

திரும்பும் வழியில் சூடாக அசோகா அல்வா சாப்பிட்டோம். திருவையாறு போய் அதைச் சாப்பிடாமல் வருவது சரியில்லை.

டிசம்பர் 23, நரசிங்கம்பேட்டை, மூவலூர்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை சாலை. ஆடுதுறை தாண்டினால் நரசிங்கம்பேட்டை. நாதசுரம் செய்கிற ஊர். 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஒரு பட்டறைக்குள் நுழைந்தோம். பெரியவர் ஒருவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து கடைசல் பிடித்துக்கொண்டிருந்தார். மரம் ஆச்சா. புது மரம் உதவாதாம். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற உத்தரம், தூண், இவற்றைத்தான் வாங்குகிறார்கள்.

“எழுபது எம்பது வருஷம் வீட்டத் தாங்குன மரம்மா. அதுக்குள்ள இருந்த ஈரமெல்லாம் போயிருக்கும். அப்பதான் நாதம் பேசும்” என்றார்.

கடைந்துகொண்டிருந்த உலவை, அதாவது நாதசுரத்தின் குழலை, என் கையில் கொடுத்தார். எதிர்பார்த்ததைவிட கனம். வெளிப்பக்கம் இன்னும் சொரசொரப்பு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளைக்குள் பார்க்கச் சொன்னார். நூல் பிடித்த மாதிரி நேராக ஓடி, அந்தப் பக்கம் தெருவின் வெளிச்சம் காசு அளவுக்குத் தெரிந்தது. அடியில் அணசு என்ற விரிந்த வாயும் நுனியில் சீவாளி என்ற ஊதுநாக்கும் சேர்ந்தால் நாதசுரம்.

இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரிதான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காகப் பாரி என்ற நீளமான நாதசுரத்தைச் செய்து கொடுத்தவர். திருவாவடுதுறை பக்கத்து ஊர்தான். அங்கேயும் போய்வந்தோம். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் பற்றி எழுத நான் யார்? அவர் உட்கார்ந்த கதையைச் சொல்கிறேன். நாயனக்காரர் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசிக்க வேண்டும், பாட்டுக்காரருக்குத்தான் மேடை என்பது அன்றைய வழக்கம். சட்டை போடக் கூடாது, தோளில் துண்டு கிடக்கக் கூடாது, துண்டு இடுப்புக்கு வந்துவிட வேண்டும். அவர் கிராப்பு வைத்தார், ஷெர்வானி போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார். பணக்கார வித்வானின் ஆடம்பரம் என்று அதை எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு துண்டை எங்கே போட்டுக்கொள்வது என்பதற்கே சண்டை போட வேண்டியிருந்த காலம் அது. செட்டிநாட்டுப் பக்கம் கானாடுகாத்தானில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டோடு வாசித்தபோது அதை எடுக்கச் சொல்லித் தகராறு நடந்ததையும், சுயமரியாதை இயக்கத்துப் பட்டுக்கோட்டை அழகிரிசாமி “எடுக்காதே, வாசி” என்று பக்கத்தில் நின்றதையும் கேள்விப்பட்டவர்களுக்கு அந்த ஷெர்வானியின் அருமை தெரியும்.

மதியத்துக்குமேல் மூவலூர். மயிலாடுதுறைக்கு ஒட்டின ஊர். ராமாமிர்தம் அம்மையார் வளர்ந்த ஊர். அவரும் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குள், அதாவது சிறுமிகளைக் கோயிலுக்குத் தேவதாசியாக்கும் வழக்கத்துக்குள், வளர்க்கப்பட்டவர். அதிலிருந்து வெளியே வந்து தன் சங்கீத வாத்தியாரையே மணந்தார். காங்கிரசில் இருந்தார், பிறகு பெரியாரோடு போனார். 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்று நாவல் எழுதினார். 1938இல் இந்தி எதிர்ப்புக்காகத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த படையில் அவரும் நடந்தார், ஐம்பத்தைந்து வயதில். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது. இப்போது அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற திட்டம் அவர் பெயரில்தான் நடக்கிறது.

மூவலூர்க் கோயில் குளத்தங்கரையில் எனக்கும் தோழிக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது. நேற்று நாங்கள் கும்பிட்ட நாகரத்தினம்மாள் இந்தத் தடையை எதிர்த்து அரசுக்கு மனு கொடுத்தவர்களில் ஒருவர். எங்கள் கலையையும் சொத்துரிமையையும் சேர்த்துப் பறிக்கிறீர்கள் என்பது அவர்கள் கட்சி. ராமாமிர்தம் அம்மையாரோ, கலை என்ற பேரில் பெண்ணை விற்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர். ஒருத்தர் சரியென்றால் இன்னொருத்தர் தப்பா? தோழி நாகரத்தினம்மாள் பக்கம் பேசினாள். சட்டம் வந்த பிறகு அந்தக் குடும்பங்களிலிருந்து கலை எங்கே போனது, யார் வீட்டுக் கூடத்துக்குப் போனது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் ஏழெட்டு வயதில் பொட்டுக்கட்டப்பட்ட ஒரு குழந்தையை நினைத்துப் பார்த்தால், எனக்கு ராமாமிர்தம் அம்மையார் பக்கம்தான் நிற்க முடிகிறது. அதைச் சொல்லிவிட்டேன். ஒரே வலிக்குள்ளிருந்து வந்த இரண்டு பெண்கள். இருட்டும்வரை பேசியும் தீரவில்லை.

டிசம்பர் 24, திருத்துறைப்பூண்டி

காலையிலிருந்து விட்டுவிட்டு மழை. திருவாரூரில் தேரைப் பஸ்ஸிலிருந்தே பார்த்ததோடு சரி.

திருத்துறைப்பூண்டியில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் நினைவிடத்துக்குப் பூ வாங்கிக்கொண்டு போனோம். கன்னடம் பேசுகிற வீட்டில் பிறந்தவர். 1943இல் இங்கே வந்து, சேரியில் தங்கி, அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டு, பண்ணையாட்களைச் சங்கமாக்கினார். அன்றைக்குப் பண்ணையாள் வேலைக்குப் பிந்தி வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான் அந்தச் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு வந்தது. எண்பது வருஷம்தான் ஆகிறது. இதைப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு எங்களோடு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தார்கள்.

மழைக்கு ஒதுங்கிய டீக்கடையில் நூறு நாள் வேலை முடித்து வந்த ஐந்தாறு அம்மாக்கள். என் பையைப் பார்த்துவிட்டு, “என்னம்மா அது, தப்பா?” என்று ஒருவர் கேட்டார். இந்தப் பக்கம் பறை என்பதைவிட தப்பு என்பதே பழக்கம். எடுத்துக் காட்டினேன். மழை ஈரத்தில் தோல் தொய்ந்து கிடந்தது. பேச்சு நடவுப் பாட்டுக்குப் போனது. நட்டுக்கொண்டே, வரப்பில் குடையோடு நிற்கிற பண்ணைக் காரியக்காரரைப் பேர் சொல்லாமல் பாட்டில் திட்டுவார்களாம். கொக்கு என்பார்களாம், நண்டு என்பார்களாம். அவருக்கும் தெரியும், தன்னைத்தான் பாடுகிறார்கள் என்று. ஆனால் நடவு நிற்குமே என்று வாயைத் திறக்க மாட்டாராம். ஒரு அம்மா இரண்டு வரி பாடிக் காட்டினார். மற்றவர்கள் குலவையிட்டார்கள். டீ மாஸ்டர் பாய்லர் சத்தத்தைக் குறைத்தார்.

“இப்ப மிஷினு நடுது. மிஷினுக்கு யாரு பாடுறது?” என்றார் அந்த அம்மா.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் வந்தது இந்தப் பாட்டிலிருந்தும் சீனிவாசராவ் கட்டிய விவசாய சங்கத்திலிருந்தும்தான். 1959இல் இறந்தபோது அவருக்கு 29 வயது. சினிமாவில் நாலைந்து வருஷம்தான் எழுதினார். அதற்குள் ஒரு கூலிக்காரன் வரப்பில் நின்று யோசிப்பதையெல்லாம் கேள்வியாக்கித் தியேட்டருக்குள் கொண்டுவந்துவிட்டார். பட்டுக்கோட்டைவரை போக ஆசைதான். மழை விடவில்லை. நாளைக் காலை சீக்கிரம் எழ வேண்டும்.

டிசம்பர் 25, கீழ்வெண்மணி

கீழ்வேளூரில் இறங்கி, தேவூர் வழியாக. சாலை நெடுகச் செங்கொடி. வேன்கள், லாரிகள், மோட்டார் சைக்கிள்கள். தூரத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். மழை விட்டுவிட்டது. மண் மட்டும் சேறாகக் கிடந்தது. நடுவில் கொஞ்ச தூரம் இறங்கி நடந்தோம். வயலில் சம்பா கதிர் விட்டுப் பால் பிடிக்கும் பருவம். அறுப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது.

1968லும் பிரச்சினை அறுப்புக் கூலியில்தான் முற்றியது. கூலி விவசாயிகள் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்திருந்த மிராசுதார்கள் சொன்ன பதில், செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்பது. இறக்க மாட்டோம் என்றார்கள். டிசம்பர் 25 ராத்திரி ஆட்களும் துப்பாக்கியுமாக வந்தார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் தெருக்கோடியில் ராமய்யாவின் குடிசைக்குள் புகுந்துகொண்டார்கள். கதவை வெளியே அடைத்துத் தீ வைத்தார்கள். 44 பேர்.

கீழ்க் கோர்ட்டு தண்டனை கொடுத்தது. 1973இல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விட்டுவிட்டது. இவ்வளவு நிலபுலன் உள்ளவர்கள், கார் வைத்திருக்கிறவர்கள், தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது.

நினைவிடத்தில் கல்லில் பேர்கள். நான் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். மேடையில் ‘நாற்பத்து நாலு பேர்’ என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பேர்களை ஒரு முறைகூடப் படித்ததில்லை. பாதியில் குரல் அடைத்தது. பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடை போட்ட ஒரு பையன், நான் விட்ட இடத்திலிருந்து சத்தமாகப் படித்துக்கொண்டே போனான். அவன் அம்மா தோளைத் தொட்டு, “மெதுவாப் படி” என்றார். புதிதாகக் கட்டிய நினைவு மண்டபத்தில் ஆளுக்கு ஒன்றாக 44 கருங்கல் தூண்கள். ஒரு தூணைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை சுற்றிச் சுற்றி வந்தது. யாரும் அதட்டவில்லை.

புத்தகக் கடைகளில் நல்ல கூட்டம். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ இருந்தது. 1977இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவல். கல்லூரியில் படித்தபோது என்னை உலுக்கியது. வெண்மணியை இலக்கிய உலகம் முழுக்கப் பேச வைத்தது என்ற நன்றி எனக்கு உண்டு. ஆனாலும், நிலப்பிரபுவின் வெறிக்கு அவனுடைய ஆண்மைக் குறையைக் காரணமாக்கியதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிந்ததே இல்லை. நாவல் வந்த காலத்திலேயே இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் இருக்கிறார்கள். இங்கே, இந்தச் சேற்றில் நின்றுகொண்டு யோசித்தால் இன்னும் உறைக்கிறது. அரைப்படி நெல்லை விட்டுவிட்டு இந்தக் கொலைக்கு எப்படிக் காரணம் சொல்வது? பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் எடுத்த ‘ராமய்யாவின் குடிசை’ ஆவணப்படம் எனக்கு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம், அதில் தப்பிப் பிழைத்தவர்கள் தாங்களே பேசுகிறார்கள். படமெடுத்தவர் ஒதுங்கி நின்று கேட்கிறார்.

மைக்கில் ‘மனுசங்கடா’ ஒலித்தது. இன்குலாப் எழுதி, கே.ஏ. குணசேகரன் குரலில் ஊரெல்லாம் பரவிய பாட்டு. இரண்டு பேருமே 2016இல் போய்விட்டார்கள். அடுத்த வருஷம் இன்குலாபுக்குச் சாகித்ய அகாதெமி விருது அறிவித்தபோது, அவர் இருந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார் என்று குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். கூட்டத்தில் பாட்டுத் தெரியாதவர் யாருமில்லை. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பல்லவி வரும்போதெல்லாம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மறுபடி கட்டினார். முந்தாநாள் எழுதிய துண்டுக் கதை ஞாபகம் வந்தது.

நாலு மணிக்குப் பறை அடிக்கிற குழுக்களைக் கூப்பிட்டார்கள். எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மொத்தம் பதினெட்டுப் பறை. இரண்டு பேரிடம் ஃபைபர் பறை, அவர்களுக்குக் கவலை இல்லை. மற்றவர்களின் தோல் எல்லாம் நேற்றைய மழைக்கு ஊறிப்போய், அடித்தால் சாக்கில் அடித்த மாதிரி. காய்ச்சியாக வேண்டும். பையன்கள் எங்கிருந்தோ ஒரு கட்டு காய்ந்த வைக்கோல் கொண்டுவந்து, நினைவிடத்துக்குப் பக்கவாட்டில் போட்டார்கள். ஒருவன் தீப்பெட்டியை எடுத்தான்.

அப்போதுதான் அந்தப் பாட்டி வந்தார். எண்பது வயது இருக்கும். கையில் கம்பு. வைக்கோலுக்கு எதிரே வந்து நின்றார்.

“எங்கேருந்து வர்றீய?”

சொன்னோம்.

“நெருப்ப இங்க வைக்காதிய. ரோட்டுக்கு அந்தாண்ட போயி வச்சுக்கங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. வாசலில் காயப்போட்ட நெல்லைக் கோழி கிளறினால் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார். தீப்பெட்டியை எடுத்தவன் அதை அப்படியே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வைக்கோலை ஒரு சிம்புகூடச் சிந்தாமல் அள்ளிக்கொண்டு சாலையைத் தாண்டி, வாய்க்கால் மதகுக்கு அந்தப் பக்கம் போனோம். நாலு வருஷமாக இந்த ஊர் பேரைச் சொல்லி அடிக்கிறேன். மேடைக்கு ஏறும் முன்னால் நாங்கள் மூட்டுகிற நெருப்பு இந்த ஊர்க் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. எனக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை.

காற்று எங்கள் பக்கம் இருந்தது. புகை வயலைப் பார்த்துப் போனது. பறையைத் தீயில் காட்டி, திருப்பி, விரலால் சுண்டி, மறுபடி காட்டி, ஒவ்வொருவராகக் காய்ச்சினோம். எல்லாம் முடிந்ததும் பையன்கள் வாய்க்காலிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றி, கங்கு ஒன்றும் இல்லை என்று காலால் மிதித்துப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது பாட்டி அதே இடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். பறையைக் கேட்டார். மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் தோலை ஒரு முறை தடவினார். இன்னும் சூடு இருந்தது. பிறகு நடுவிரலால் ஒரே ஒரு தட்டு. கணீரென்று கேட்டது.

“காஞ்சுருச்சு,” என்று பறையை என் கையில் கொடுத்தார். “போயி அடி.”